சிரிப்பினுள்ளே உறைந்த பொருள்

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நினைந்து இனிமை கொண்டாடும் வழக்கம் அண்மைக் காலத்திலே மேலை நாடுகளிற் பெருகியுள்ளது. கறுப்பு வெள்ளைக் காலத்து இசைவாணரும் நகைச்சுவை நடிகரும் நூல்களிலும் நினைவு நிகழ்ச்சிகளிலும் மறுபடி உயிர்பெற்று உலவுகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் தன்பாலீர்ப்பினர். அவர்தம் நடையும் குரலும் உடையும் அந்நாளிலேயே பார்த்தோர் யாவருக்கும் ஏதோ ஒன்றை உணர்த்தின. ஆயின் அது இன்னதென எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. இவர்களைப் பற்றிய நினைவுரைகளில் ஒரு கூற்று அடிக்கடி தலைகாட்டும்: 'அக்காலத்திலே எவரும் இதனைப் பெரிதுபடுத்தவில்லை, எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்.' கேட்பதற்கு இதமான கூற்று இது. ஆயினும் சிரித்தவர் யார், எதற்காகச் சிரித்தனர், அச்சிரிப்புக்கு விலைகொடுத்தவர் யார் என்று வினவாமல் இதனை ஏற்றுக்கொள்ள எம்மால் இயலவில்லை.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு மறைபொருள் புதிதன்று. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை அதற்கு நிலைக்களனாக்கினார். வண்டும் தாமரையும் எருமையும் வயலும் பேசப்படும். தலைவனது ஒழுக்கம் உணர்த்தப்படும். உயர்தர வகுப்பிலே மருதத்திணைப் பாடல்களைக் கற்பிக்கும்போது, "இதை நேரே சொன்னால் என்ன?" என்று மாணவர் கேட்பதுண்டு. நேரே சொல்ல இயலாத நிலை ஒன்று இருந்தமையாலேயே அவ்வடிவம் பிறந்தது என்பதே அதற்கு விடை. இங்கு மற்றோர் உண்மையையும் மனங்கொள்ளல் வேண்டும். உள்ளுறைக்குச் சொல்வோர் மட்டும் போதாது. கேட்டு உணர்வோரும் வேண்டும். தலைவி கூறுவதைத் தோழி அறிவாள். அவ்விருவர்க்கிடையிலே நிலவும் உறவுதான் வெறும் மறைப்பைக் கவிதையாக்குகிறது. இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு அமெரிக்க, ஆங்கிலத் தொலைக்காட்சியின் முதல் முப்பது ஆண்டுகளை நோக்கினால், கசப்பான சில உண்மைகள் புலப்படும்.

முதலிலே லிபராச்சி. 1919இல் விஸ்கொன்சின் மாநிலத்திலே, குடியேறிய குடும்பமொன்றிற் பிறந்த இப்பியானோக் கலைஞர், 1952இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொலைக்காட்சியில் தோன்றி, அடுத்த ஆண்டிலே நாடெங்கும் அறியப்பட்டார். பியானோவின்மேல் ஒரு கிளைவிளக்கு, அதில் எரியும் மெழுகுவர்த்திகள், மினுமினுக்கும் அங்கி, கமராவை நோக்கி ஒரு கண்சிமிட்டல், இடையிடையே அன்னையைப் பற்றிய அன்புமொழிகள். அமெரிக்க இல்லத்தரசியர் அவர்மீது உயிரையே வைத்திருந்தனர். பியானோக் கலைஞர் என்ற வகையில் அவரைப் பெரிதாக மதிப்பதற்கில்லை. மேதைகளின் நெடும் படைப்புகளைச் சில நிமிடங்களுக்குள் வெட்டிச் சுருக்கி இனிப்புப் பூசி விற்றார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் காட்சிக் கலைஞர் என்ற வகையில் அவர் செய்தது சாதாரண காரியமன்று. ஆண் என்பவன் சாம்பல்நிற உடையணிந்து, குறைவாகப் பேசி, அழகுணர்ச்சியை மறைத்து ஒழுகவேண்டும் என்று விதித்திருந்த சமுதாயத்தின் வரவேற்பறைக்குள்ளே, அவ்விதிகள் அனைத்தையும் மீறிய ஒருவராக அவர் வாரந்தோறும் நுழைந்தார்.

அவர் நாடறிய வந்த அதே 1953ஆம் ஆண்டின் ஏப்பிரல் மாதத்திலேதான் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 10450ஆம் இலக்க ஆணையிற் கைச்சாத்திட்டார். 'பாலியல் வக்கிரம்' உடையோர் அரச சேவைக்கு உகந்தவரல்லர் என்றது அவ்வாணை. அதன்படி பலர் வேலை இழந்தனர். அதற்கு முந்திய ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒலி, ஒளிபரப்பாளர் சங்க ஒழுக்கக்கோவையோ, பாலியல் 'பிறழ்வுகள்' நிகழ்ச்சிப் பொருளாவதற்குப் பொதுவாக ஏற்கத்தக்கவையல்ல என்று வரையறுத்திருந்தது. அலுவலகத்திலிருந்து துரத்தப்பட்ட எழுதுவினைஞனும் மெழுகுவர்த்தி ஒளியிலே புன்னகைத்த இசைவாணரும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் வாழ்ந்தனர். ஒருவர் அறியப்பட்டார், வேலை போயிற்று. மற்றவர் அறியப்படாதவர்போல நடித்தார், பெருஞ்செல்வரானார்.

1956இல் லிபராச்சி இலண்டனுக்குச் சென்றபோது, 'கசாண்ட்ரா' என்ற புனைபெயரில் 'டெய்லி மிரர்' பத்திரிகையிலே எழுதிவந்த வில்லியம் கொனர், அவரை வசைச்சொற்களால் அர்ச்சித்தார். அச்சொற்களுள் ஒன்று, பழச்சுவை ஊட்டப்பட்டவர் என்னும் பொருளது. 'பழம்' என்பதற்கு அமெரிக்கக் கொச்சை வழக்கிலே தன்பாலீர்ப்பினன் என்ற இழிபொருளும் உண்டு. லிபராச்சி வழக்குத் தொடுத்தார். 1959 ஜூன் மாதத்தில் இலண்டன் நீதிமன்றத்திலே நடைபெற்ற விசாரணை, ஒரு சொல்லின் உள்ளுறையை ஆராய்ந்த விசாரணை எனலாம். தாம் அத்தகையவரல்லர் எனச் சத்தியம் செய்து கூறினார் லிபராச்சி. தாம் அப்பொருளிற் கூறவேயில்லை என்றது பத்திரிகைத் தரப்பு. சொன்னவரும் மறுத்தார், சொல்லப்பட்டவரும் மறுத்தார், ஜூரிகளோ பொருளை நன்கு விளங்கிக்கொண்டு 8,000 பவுண் நட்டஈடு வழங்கினர்!

இப்பொய்யுரைக்காக அவரைத் தூற்றுவது எளிது. உண்மையைச் சொல்லியிருந்தால் இங்கிலாந்திலே அது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு நிகராகியிருக்கும்; அமெரிக்காவிலே தொழில் அன்றே முடிந்திருக்கும். அவரைப் பொய்சொல்ல நிர்ப்பந்தித்தது சட்டம். ஆனாற் பொய் அவரோடு நின்றுவிடவில்லை. இச்சொல்லால் ஒருவனைக் குறிப்பது 8,000 பவுண் பெறுமதியான இழுக்கு என்று நீதிமன்ற வாயிலாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எங்கோ ஒரு சிற்றூரிலே தொலைக்காட்சியின் முன்னமர்ந்து, அம்மினுமினுப்பிலே தன்னை இனங்கண்ட இளைஞன் ஒருவனுக்கு அத்தீர்ப்பு என்ன கூறியிருக்கும்? அவர் அப்பொய்யை இறுதிவரை சுமந்தார். 1982இல் அவருடன் வாழ்ந்த ஓர் இளைஞர் வழக்குத் தொடுத்தபோதும் மறுத்தார். 1987 பெப்ரவரி 4ஆம் நாள் அவர் இறந்தபோது இருதய நோயே காரணம் எனக் கூறப்பட்டது. மரண விசாரணை அதிகாரியின் பரிசோதனையே எயிட்ஸ் நோய் என்பதை வெளிப்படுத்தியது.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு காட்சி. 1967 மார்ச் 7ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனம், மைக் வொலஸ் தொகுத்தளித்த 'தன்பாலீர்ப்பினர்' என்னும் விவரணத்தை ஒளிபரப்பிற்று. அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பொன்று இப்பொருளை முழு நிகழ்ச்சியாக எடுத்தாண்டது அதுவே முதன்முறை. அதிலே பேசிய ஒருவரின் முகம் தெரியாதவாறு, தொட்டிச் செடியொன்றின் இலைகளுக்குப் பின்னால் அவரை அமர்த்தியிருந்தனர். முகத்தை மறையாது பேசிய ஜக் நிக்கல்ஸ் என்பாரும் வேறொரு பெயரிலேயே தோன்றினார். ஒளிபரப்பின் மறுநாளே அவர் தம் ஹோட்டல் வேலையை இழந்தார். பொழுதுபோக்கு நேரத்திலே மெழுகுவர்த்தியும் பளபளப்பும். செய்தி நேரத்திலே இலை நிழல். ஒரே சாதனம், ஒரே மனிதர்குலம். மௌனம் காத்தவனுக்கு ஒளி, பேசியவனுக்கு இருள் என்பதே அச்சாதனத்தின் நியதியாயிருந்தது. 'எவரும் பெரிதுபடுத்தவில்லை' என்போர் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

அமெரிக்க நகைச்சுவை நடிகருள் போல் லிண்ட் தனித்து நோக்கத்தக்கவர். 'ஹொலிவூட் ஸ்குயர்ஸ்' என்ற வினாவிடைப் போட்டியிலே ஒன்பது கட்டங்களில் ஒன்பது பிரபலங்கள் அமர்ந்திருப்பர். 1968 தொடக்கம் 1981 வரை, சிறு இடைவெளி தவிர, நடுக்கட்டம் லிண்டுக்கே உரியதாயிற்று. மூக்கால் இழுத்துப் பேசும் அவரது குரலில், எழுத்தாளர் எழுதிக்கொடுத்த இரட்டுற மொழிதல்கள் நஞ்சு தோய்ந்த ஊசிகள்போல வெளிவரும். வீட்டிலிருந்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். நாற்புறமும் கட்டங்கள் சூழ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பறவைபோல அவர் இருந்த கோலம் எமக்கு வேறெதையோ நினைவூட்டுகிறது. அக்கட்டத்தைவிட்டு வெளியேற அவர் விரும்பியபோது நிகழ்ந்தது யாது? 1972இல் ஏ.பி.சி. நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு தொடரை அளித்தது. அதிலே அவர் சட்டத்தரணி. மனைவியும் இரு பெண்மக்களும் உடைய குடும்பத் தலைவர்! ஒரே பருவத்துடன் அத்தொடர் நிறுத்தப்பட்டது. அவருடைய நளினத்தை விற்க நிறுவனங்கள் ஆயத்தமாயிருந்தன. அந்நளினத்துக்கு உரிய வாழ்வைக் காட்ட ஆயத்தமாயிருக்கவில்லை. பண்டத்தை வேண்டி, பண்டத்தை ஆக்கியவனை மறுப்பது முதலாளித்துவச் சந்தைக்குப் புதிதா என்ன? 1982இல், 55ஆவது வயதில், அவர் மறைந்தார்.

லிண்ட் இடையிடையே தோன்றிய மற்றொரு தொடரிலே மறைபொருள் ஒரு தனிமனிதரின் நடையாக நில்லாது கதையின் அமைப்பாகவே மாறிற்று. 1964 முதல் 1972 வரை ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' தொடரைச் சிறுவர்க்குரிய மாயக்கதை என்று பலர் ஒதுக்கிவிடுவர். சமந்தா ஒரு சூனியக்காரி. சாதாரண மனிதன் ஒருவனை மணந்து, நகரின் புறத்தே ஒழுங்கான வீடொன்றில் வாழ்கிறாள். அவள் தன் இயல்பை மறைத்தாக வேண்டும். கணவனின் கட்டளை அது. அவனது விளம்பரக் கொம்பனித் தொழிலுக்கும் அதுவே பாதுகாப்பு. எதிர்வீட்டுக்காரி யன்னற் சீலையை விலக்கி ஒற்றுப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். ஒளிவுமறைவின்றித் தம் இயல்பிலே திளைப்போர் சமந்தாவின் உறவினர்: ஆடம்பர உடையணிந்து மனிதரை எள்ளும் தாய் எண்டோரா, எதிர்பாராத இடங்களிலே தோன்றிக் குறும்பு செய்யும் ஆர்தர் மாமா. அந்த மாமாவே லிண்ட். 'ஒழுங்கான' மாப்பிள்ளைக்கு அவர்கள் வருகை ஒவ்வொன்றும் கண்டம்.

இதனை நாம் வலிந்து ஏற்றிய பொருள் என்று எவரேனும் கருதலாம். சமந்தாவாக நடித்த எலிசபெத் மொண்ட்கொமரி, 1992இல் அளித்த பேட்டியொன்றிலே, மனிதர் தாம் உண்மையில் யாரோ அவ்வாறு வாழ அனுமதிக்கப்படாமையே தொடரின் உட்கருத்து என்றும், படப்பிடிப்புத் தளத்திலே அது பேசப்பட்டதுண்டு என்றும் கூறியுள்ளார். இதனினும் உள்ளத்தைத் தைப்பது வேறொன்று. 1969 முதல் கணவன் பாத்திரத்தை ஏற்றவர் டிக் சார்ஜண்ட். 'உன் இயல்பை மறை, பிறர் கண்டால் என் வேலை போய்விடும்' என்ற கருத்தை வாரந்தோறும் மனைவியிடம் வற்புறுத்திய அந்நடிகர், தம் இயல்பைத் தாமே மறைத்து வாழ்ந்தவர். 1991இலேதான் அவர் தம்மைத் தன்பாலீர்ப்பினர் எனப் பகிரங்கமாக அறிவித்தார். அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பெருமித ஊர்வலத்துக்கு அவரும் மொண்ட்கொமரியும் ஒன்றாகத் தலைமை தாங்கினர். சூனியக்காரியும் கணவனும் ஒருவாறாக யன்னலைத் திறந்தனர் எனலாம்.

இங்கிலாந்தின் கதை சிறிது வேறுபட்டது. அங்கே தொலைக்காட்சியின் நகைச்சுவைக்கு வானொலியே தாய். 1965 தொடக்கம் 1968 வரை பி.பி.சி. வானொலியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய உணவு வேளையை ஒட்டி ஒலித்த 'ரவுண்ட் த ஹோர்ண்' நிகழ்ச்சியிலே ஜூலியன், சாண்டி என்ற இருவர் வருவர். கெனத் வில்லியம்சும் ஹியூ படிக்கும் குரல் கொடுத்த இப்பாத்திரங்களை எழுதியோர் பாரி டுக்கும் மார்ட்டி ஃபெல்ட்மனும். இவ்விருவரும் பேசியது 'பொலாரி' எனும் குழூஉக்குறி. இத்தாலியச் சொற்களும் ஜிப்சிச் சொற்களும் மாலுமிகள், சந்தைக் கூத்தாடிகள் ஆகியோரின் கொச்சையும் கலந்து உருவான அம்மொழியைத் தன்பாலீர்ப்பினர் தம்முள் வழங்கிவந்தனர். 'போனா' என்றால் நல்லது. 'வாடா' என்றால் பார். (தமிழ்ச் செவிக்கு இது விருந்தழைப்பாகவே ஒலிக்கும்.) பொலிசார் காதில் விழாதவாறு தெருவிலே புழங்கிய மொழி, அரச சாசனம் பெற்ற ஒலிபரப்பு நிலையத்தின் வழியாகக் குடும்பங்களின் உணவு மேசைக்கு வந்தது. ஒரு நிகழ்ச்சியிலே இருவரும் சட்டத்தரணிகளாக வந்து, தம் நேரத்தின் பெரும்பகுதியைக் குற்றவியற் 'பிராக்டிஸ்' கவர்ந்துகொள்வதாகக் கூறுவர். ஆங்கிலத்திலே அச்சொல்லுக்குத் தொழில் என்பதோடு வழக்கமான செயல் என்றும் பொருளுண்டு. அந்நாளைய சட்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. அச்சட்டத்தையே அவர்கள் சிலேடையாக்கினர்.

அக்காலத்து மறைபொருள் நகைச்சுவைகளுள் இதுவே தலைசிறந்தது என்பது எமது துணிபு. காரணம் எளிது. லிபராச்சி பியானோ முன் தனியர். லிண்ட் கட்டத்துள் தனியர். ஜூலியனும் சாண்டியுமோ இருவர். ஒருவர் சொல்ல மற்றவர் அறிவார். ஒருவர் தொடங்கிய சொல்லை மற்றவர் முடிப்பார். இங்கேதான் தலைவிக்குத் தோழி வாய்த்தாள், மறைப்பு மொழியாயிற்று. நகையாடப்பட்டவர்கள் அவர்களும் அல்லர். அவர்தம் கடைக்கு வந்து திகைத்து நிற்கும் கனவான் ஹோர்ணே. அவரோ சிலவேளை அம்மொழியைத் தாமும் அறிந்தவர்போல நழுவவிடுவார்! அத்தகைய தோழமைக்குக் குரல் கொடுத்த கெனத் வில்லியம்ஸ் தம் வாழ்விலே எவ்வளவு தனிமையை அனுபவித்தார் என்பதை, அவர் மறைந்தபின் 1993இல் வெளியான நாட்குறிப்புகள் காட்டுகின்றன.

1967 ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் மாறிற்று. 21 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் இருவர் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றாயிற்று. இப்பழைய சட்டத்தின் கொடி நம் நாடுவரை படர்ந்தது என்பதை இங்கு குறிப்பிடல் தகும். 1885இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய ஏற்பாட்டை அடியொற்றியதே இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு. விதைத்தவர்கள் தம் நிலத்திலே களைந்தெறிந்தபின், 1995இல் நாம் அதனைப் பெண்களுக்கும் விரித்தோம்! அப்பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர்நீதிமன்றம் தீர்மானித்தது 2023ஆம் ஆண்டிலேதான். மென்மையாக நடக்கும் மாணவனுக்குத் திரைப்படக் கோமாளியின் பெயரைச் சூட்டி வகுப்பறை சிரிக்கும்போது, அச்சிரிப்பையும் 'ஒன்றாகச் சிரித்தோம்' என்று பின்னொருநாள் எவரேனும் நினைவுகூரக்கூடும். அம்மாணவனின் நினைவு வேறாயிருக்கும்.

சட்டம் மாறியபின் வந்த தொலைக்காட்சித் தொடர்களுள் பெரும்புகழ் ஈட்டியது பி.பி.சி.யின் 'ஆர் யூ பீயிங் சேர்வ்ட்?' 1972இல் முன்னோட்டமாகத் தோன்றி 1985 வரை தொடர்ந்த இதன் களம், கிரேஸ் சகோதரர் துணிக்கடை. ஆடவர் உடைப்பகுதியின் விற்பனையாளர் ஹம்ஃப்ரீஸ். நடித்தவர் ஜோன் இன்மன். தாம் வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதை உயர்ந்த குரலில் அறிவிப்பார். அதற்கு அவர் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லுக்கு 'வேலையற்றிருத்தல்' என்றும் 'விடுதலை பெற்றிருத்தல்' என்றும் பொருள்கொள்ளலாம். 1976இல் பி.பி.சி.யின் ஆண்டிற்குரிய தொலைக்காட்சிப் பிரமுகராக இன்மன் தெரிவுசெய்யப்பட்டார். அதே ஆண்டின் ஜனவரியிலே, பழைய சட்டம் நீங்காதிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ஜெஃப் டட்ஜன் என்பாரின் வீட்டைப் பொலிசார் சோதனையிட்டு, அவருடைய அந்தரங்க வாழ்வைப் பற்றி மணிக்கணக்காக விசாரித்தனர். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்று 1981இல் வெற்றிபெற்றபின்னரே, 1982இல், அங்கு சட்டம் திருந்திற்று. பெல்ஃபாஸ்ட் இல்லங்களிலும் ஹம்ஃப்ரீஸைக் கண்டு சிரித்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

தன்பாலீர்ப்பினர் சமத்துவத்துக்காகப் போராடிய இயக்கத்தினர் சிலர் இன்மனின் மேடை நிகழ்ச்சியின் வெளியே மறியல் செய்தனர். அவர் காட்டுவது உண்மை மனிதரையன்று, கேலிச்சித்திரத்தையே என்பது அவர்கள் வாதம். தாம் தீங்கு செய்யவில்லை, ஒருவேளை நன்மையே செய்திருக்கலாம் என்றார் இன்மன். ஹம்ஃப்ரீஸ் வெறும் தாய்ப்பிள்ளை என்றும் கூறிவந்தார். இவ்வழக்கிலே நாம் எப்பக்கம் நிற்பது? இயக்கத்தினரின் சீற்றம் நியாயமானது. தொடர் நடந்த ஆண்டுகள் முழுவதும் ஹம்ஃப்ரீஸின் பாலீர்ப்பு எதுவென ஒருமுறையேனும் தெளிவாகக் கூறப்படவில்லை. சட்டம் அனுமதித்த பின்னரும் ஆசிரியர்கள் அதனைத் துணியவில்லை என்பதை மன்னிப்பதற்கில்லை. எனினும் பாத்திரத்தை ஊன்றி நோக்குவோர் ஒன்றை மறுக்கமாட்டார்கள். அத்துணிக்கடை வர்க்கப் படிகளால் ஆனது. மேற்பார்வையாளருக்கு விற்பனையாளர் அஞ்சுவர், முகாமையாளருக்கு மேற்பார்வையாளர் அஞ்சுவார், எல்லோரும் முதியவரான முதலாளிக்கு அஞ்சுவர். தன் தரத்தைப் பற்றிய நடுக்கம் மிகக் குறைந்தவர் ஹம்ஃப்ரீஸே. அளவுநாடாவுடன் அவர் தளத்திலே உலவும்போது, தொழில் தெரிந்த மனிதனின் நிமிர்வு அந்நளினத்தினுள்ளே தெரிகிறது. அவரைத் தண்டிக்கவோ அவர்மீது இரங்கவோ கதை முற்படவில்லை. இது சிறு வெற்றி, ஆயினும் வெற்றிதான். அவருக்கு ஒரு சாண்டி வாய்க்கவில்லை என்பதே குறை.

நடிகருக்கோ துணை இருந்தது. 2005 டிசம்பரிலே இங்கிலாந்தில் தன்பாலிணையர் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில், 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முடன் வாழ்ந்த துணைவரோடு இன்மன் வெஸ்ட்மின்ஸ்டர் பதிவகத்துக்குச் சென்று கையொப்பமிட்டார். அப்போது அவருக்கு வயது 70. 2007 மார்ச்சிலே காலமானார்.